ஸ்பைரோ எடுப்பவர்கள் தண்ணீர் குடிப்பது எப்படி

ஹார்மோன் சிகிச்சை தொடங்கும் திருநங்கைகளுக்கு மூத்தவர்கள் முதலில் சொல்வது, "தண்ணி நிறையக் குடிம்மா" என்பதுதான். சரியான பேச்சுதான், ஆனால் பாதிதான். எந்த நீர், எவ்வளவு, எந்த நேரம், அதில் உப்பு இருக்க வேண்டுமா என்பதெல்லாம் மீதிப் பாதி. சித்திரை வெயிலில் ஆளை மயக்கம் போட்டு விழ வைப்பதும், ரத்தப் பரிசோதனையில் டாக்டரைப் பதற வைப்பதும் அந்த மீதிப் பாதி தெரியாததால்தான்.

எடுக்கும் எல்லா ஹார்மோன் மருந்தும் உடம்பின் நீரை வெளியேற்றுவதில்லை. பெண்மையாக்கும் சிகிச்சையில் பொதுவாக இரண்டு மருந்துகள் இருக்கும். ஒன்று பெண் ஹார்மோனான எஸ்ட்ராடியால்: மாத்திரையாகவோ, தோலில் தடவும் ஜெல்லாகவோ, ஊசியாகவோ. மற்றொன்று டெஸ்டோஸ்டிரோனை அடக்கும் மருந்து. அந்த இடத்தில் சைப்ரோட்டிரோன் எழுதிக் கொடுத்திருந்தால் நீரைப் பற்றித் தனிக் கவலை வேண்டாம். அது சிறுநீரைப் பெருக்காது. ஸ்பைரோனோலாக்டோன் எழுதியிருந்தால் மேலே படியுங்கள். ஆல்டாக்டோன் என்ற பெயரில் வருவதும் இதுதான். சுருக்கமாக ஸ்பைரோ என்பார்கள்.

ஸ்பைரோ முதலில் ஹார்மோன் சிகிச்சைக்கு வந்த மருந்தே இல்லை. இதய நோயிலும் கல்லீரல் நோயிலும் உடம்பில் தேங்கும் நீரை வடிக்கவும், ரத்த அழுத்தத்தைக் குறைக்கவும் பயன்படுத்திய நீர் மாத்திரை. ஆண் ஹார்மோன் வேலை செய்யும் இடத்தையும் அது மறித்துக்கொள்கிறது என்பது கூடுதல் குணம். அந்தக் கூடுதல் குணத்துக்காகத்தான் நாம் எடுக்கிறோம். ஆனால் சிறுநீரகத்துக்கு நம் நோக்கம் தெரியாது. அது தன் பழைய வேலையையும் சேர்த்தே செய்யும்.

உள்ளே என்ன நடக்கிறது

சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது சிறுநீரகத்துக்கு இடும் கட்டளை இரண்டு: சோடியத்தைப் பிடித்து வை, பொட்டாசியத்தை வெளியே அனுப்பு. சோடியம் தங்கினால் அதோடு நீரும் தங்கும். வியர்த்துக் கொட்டும் நாளில் அல்டோஸ்டிரோன் அதிகம் சுரந்துதான் நம் உடம்பு உப்பையும் நீரையும் காப்பாற்றிக்கொள்கிறது.

ஸ்பைரோ இந்தக் கட்டளை போய்ச் சேரும் கதவை அடைத்துவிடுகிறது. விளைவு தலைகீழ்: சோடியமும் நீரும் வெளியேறுகின்றன, பொட்டாசியம் உள்ளே தங்குகிறது. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் இந்தக் கட்டுரையில் வரும் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

மாத்திரை விழுங்கிய சில மணி நேரத்தில் மருந்து வேறு வடிவங்களாக மாறுகிறது. அவை அரை நாளுக்கும் மேல் ரத்தத்தில் தங்கி வேலை செய்கின்றன. அதனால் காலையில் போட்ட மாத்திரை மதிய வெயிலிலும் நம்மோடு இருக்கிறது. தொடங்கிய முதல் சில வாரங்களிலும், 50 மி.கி.யிலிருந்து 100, 100-லிருந்து 200 என்று அளவு ஏறும்போதும் சிறுநீர் அதிகம் போவதும், எழுந்தால் தலை கிறுகிறுப்பதும் கூடுதலாகத் தெரியும். பலருக்கு உடம்பு பழகிக்கொள்ளும்.

இளநீர்

வெயில், களைப்பு, தலைசுற்றல் என்றால் நம் கை தானாகப் போவது இளநீருக்கு. ஸ்பைரோ எடுப்பவர்களைப் பொறுத்தவரை இதை நிதானமாக யோசிக்க வேண்டும்.

வியர்வையில் நாம் இழப்பது பெரும்பாலும் சோடியம். பொட்டாசியம் அதில் கொஞ்சம்தான். இளநீரோ அதற்கு நேரெதிர்: பொட்டாசியம் மிக அதிகம், சோடியம் குறைவு. 100 மி.லி. இளநீரில் சுமார் 200 முதல் 250 மி.கி. பொட்டாசியம் இருக்கும். 300 மி.லி. தரும் ஒரு காயில் 600 முதல் 750 மி.கி. வரை. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் இருப்பது சுமார் 400. ஆக, ஸ்பைரோவால் சோடியம் போய்க்கொண்டும் பொட்டாசியம் சேர்ந்துகொண்டும் இருக்கிற உடம்புக்கு, போனதைக் கொடுக்காமல் சேர்வதையே மேலும் ஊற்றுகிறோம்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இளவயது, நல்ல சிறுநீரகம், வேறு மருந்து எதுவும் இல்லை என்றால் ஸ்பைரோவால் பொட்டாசியம் நெஞ்சுத் துடிப்பைக் குலைக்கும் ஆபத்தான அளவுக்கு ஏறுவது அரிது. அப்படிப்பட்டவர் எப்போதாவது ஓர் இளநீர் குடித்தால் ஒன்றும் ஆகிவிடாது. ஆபத்து கூடுவது சேர்க்கையில்: வெயிலில் நீர் வற்றிச் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கும்போது, அடுத்தடுத்து இரண்டு மூன்று இளநீர், கூடவே மூட்டுவலிக்குப் போட்ட ஒரு டைக்ளோஃபெனாக். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) ஏறியிருப்பவர்கள் இளநீரைத் தொடும் முன் டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

அதற்குப் பதிலாக என்ன? நம் வீட்டில் இருப்பதே போதும். உப்புப் போட்ட நீர்மோர், பழைய சோற்று நீராகாரம், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, மோர் கலந்து கரைத்த கூழ். நன்றாகத் தண்ணீர் விட்டுப் பெருக்கிய மோரில் பொட்டாசியம் அதிகமில்லை, உப்பும் கிடைக்கிறது. கட்டித் தயிரைக் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடுவது வேறு கணக்கு. உப்பு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை: ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்து உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால், டாக்டர் சொன்ன அளவுதான்.

கடையில் ‘குறைந்த சோடியம்' என்று விற்கும் உப்பை வாங்காதீர்கள். சோடியத்தைக் குறைப்பதற்காக அதில் பொட்டாசியம் குளோரைடு கலப்பது வழக்கம். பொட்டலத்தின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கும். இந்துப்பைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். அது பெரும்பாலும் சாதாரண சோடியம் குளோரைடுதான். ஆனாலும் பொட்டலத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

எவ்வளவு, எந்த நேரம்

உடல்நலமுள்ள பெரியவருக்கு உணவிலிருந்தும் பானங்களிலிருந்தும் சேர்த்து ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் அளவில் நீர் தேவை. ஐந்தில் ஒரு பங்கு சோறு, குழம்பு, ரசம், காய்கறி வழியாகவே வந்துவிடும். மிச்சம் இரண்டு லிட்டர் குடிக்க வேண்டியது. டீ, காபியும் இந்தக் கணக்கில் சேரும். பழகியவர்களுக்கு அவற்றால் நீர் வற்றுவதில்லை. வெயிலில் நின்று வேலை செய்யும் நாளில் இது மூன்று, நான்கு லிட்டராக ஏறலாம்.

ஆளாளுக்கு வியர்வை மாறும். உங்களுக்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள எடை மெஷின் போதும். வெளியே போகும் முன் சிறுநீர் கழித்துவிட்டு எடை பாருங்கள். திரும்பி வந்து வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர் நீர். 60 கிலோ ஆள் 1.2 கிலோ குறைந்திருந்தால் உடல் எடையில் 2 சதவீதம் போயிருக்கிறது. அந்த அளவில் உடம்பு தளரத் தொடங்கும். அன்றைக்குக் குடித்தது போதவில்லை என்று பொருள்.

சிறுநீரின் நிறமும் வழிகாட்டும். வைக்கோல் போன்ற வெளிர் மஞ்சள் நல்லது. கடும் மஞ்சளோ பழுப்போ என்றால் நீர் போதவில்லை. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டவர்களுக்கு இந்த அடையாளம் பயன்படாது. அதில் உள்ள ரைபோஃபிளேவின் சிறுநீரைப் பளீர் மஞ்சளாக்கிவிடும்.

மாத்திரையைக் காலைச் சாப்பாட்டோடு போடுவது நல்லது. உணவோடு எடுத்தால் மருந்து உடம்பில் நன்றாகச் சேரும். இரண்டு வேளை எழுதியிருந்தால் இரண்டாவதை மாலை நான்கு மணிக்குள் போட்டுவிட முடியுமா என்று டாக்டரைக் கேளுங்கள். இரவு ஒன்பது மணிக்குப் போட்டுவிட்டு, இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் எழுந்து போய், அந்தத் தொல்லைக்காகத் தண்ணீரையே குறைத்துக்கொள்பவர்கள் நிறைய. மாற்ற வேண்டியது நேரத்தைத்தான், தண்ணீரை இல்லை.

வெயிலில் ஒரே மூச்சில் ஒரு பாட்டிலைக் காலி செய்வதைவிட, இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர், சுமார் 200 மி.லி., என்று குடிப்பது உடம்பில் தங்கும். அதிகம் குடித்தாலும் தவறுதான். மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் போக வேண்டாம். சிறுநீரகத்தால் அதற்கு மேல் வேகமாக வெளியேற்ற முடியாது. ஸ்பைரோ ஏற்கெனவே சோடியத்தை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் உப்பே இல்லாத வெறும் தண்ணீரை நாலைந்து லிட்டர் ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், தடுமாற்றம் என்று தொடங்கும். பார்ப்பதற்கு நீர் வற்றியது போலவே இருப்பதால் இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள், நிலைமை மோசமாகும். அதனால் அதிகம் வியர்க்கும் நாளில் மூன்று டம்ளர் தண்ணீருக்கு ஒரு டம்ளர் உப்பு மோர் என்பது போல நடுநடுவே உப்பு சேர வேண்டும். சாப்பாட்டைத் தவிர்க்கவே கூடாது. உப்பு பெரும்பாலும் வருவது அதிலிருந்துதான்.

கூவாகம் போகிறவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். சித்திரை மாதம், விடிய விடியக் கண்விழிப்பு, கூட்டம், சாப்பாடு நேரம் தவறுவது, சிலருக்கு மதுவும். மது நீரைச் சிறுநீராக இறக்கும். ரத்த அழுத்தத்தையும் குறைக்கும். ஸ்பைரோ செய்வதும் அதேதான். இரண்டும் சேர்ந்த மறுநாள் காலை எழுந்து நிற்கும்போதுதான் பலர் விழுகிறார்கள்.

எழுந்தால் தலைசுற்றுகிறதா

வீட்டில் ரத்த அழுத்தக் கருவி இருந்தால் இதைச் சோதிக்கலாம். ஐந்து நிமிடம் மல்லாந்து படுத்து ஓர் அளவு எடுங்கள். பிறகு எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்றாவது நிமிடத்தில் ஒன்று. மேல் எண் 20-க்கு மேலோ, கீழ் எண் 10-க்கு மேலோ இறங்கியிருந்தால் நீரோ உப்போ போதவில்லை, அல்லது மாத்திரை அளவு கூடுதல். எண்களைக் குறித்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் விளிம்பில் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். இந்தியக் கழிப்பறையில் குந்தியிருந்து சட்டென்று எழுவதில்தான் விழுவது அதிகம், சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல்

இந்த நாட்களில் ஸ்பைரோவைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கச் சொல்வது மருத்துவ வழக்கம். நீர் வற்றிய உடம்பில் நீர் மாத்திரை தொடர்ந்தால் சிறுநீரகம் பாதிக்கும், பொட்டாசியம் ஏறும். எப்போது நிறுத்த வேண்டும் என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி வையுங்கள். வழக்கமாகச் சாப்பிடவும் குடிக்கவும் ஆரம்பித்து ஒன்றிரண்டு நாள் கழித்து மறுபடி தொடங்குவார்கள். இரண்டு மூன்று நாள் ஸ்பைரோ இல்லாததால் இதுவரை வந்த மாற்றங்கள் திரும்பிப் போய்விடாது. அந்தப் பயத்தில்தான் பலர் வாந்தியோடும் மாத்திரையை விழுங்குகிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள்.

மருந்துக்கடை ஓஆர்எஸ் பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 2.9 கிராம் சிட்ரேட், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். இதுவே உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பேதியில் பொட்டாசியமும் வெளியேறுவதால், மாத்திரையை நிறுத்தி வைத்திருக்கும் நேரத்தில் இது பொருத்தமானது. பேதி இல்லாமல் வெறும் வெயில் களைப்புக்கு, ஸ்பைரோ எடுத்துக்கொண்டே தினமும் ஓஆர்எஸ் குடிக்கத் தேவையில்லை. பொட்டாசியம் இல்லாத கரைசலை வீட்டிலேயே கலக்கலாம்: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீர், தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்பைக் கைப்பிடியாக அள்ளிப் போடக் கூடாது. கண்ணீர் அளவுக்கு மேல் கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். அன்றைக்கே குடித்துத் தீர்த்துவிட வேண்டும்.

கூடச் சேரக் கூடாத மருந்துகள்

இந்தப் பகுதியை மட்டுமாவது அலைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் கோட்ரைமாக்சசோல், கடையில் செப்ட்ரான் அல்லது பாக்ட்ரிம் என்ற பெயரில் வரும். அதிலுள்ள டிரைமெத்தோபிரிம் பொட்டாசியத்தை உள்ளே தேக்கும். ஸ்பைரோவோடு சேர்வது நிஜமாகவே ஆபத்து. பால்மாற்று அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்குச் சிறுநீர்ப் பாதை குட்டையாகிவிடுவதால் தொற்று வரும் வாய்ப்பு கூடுதல். ஆகவே இந்த மாத்திரை அவர்கள் கைக்கு வரும் வாய்ப்பும் கூடுதல். அதோடு சிறுநீர் எரிச்சலுக்கு என்று ஒரு சிரப்பும் கொடுப்பார்கள். அவற்றில் சிலவற்றில் பொட்டாசியம் சிட்ரேட் இருக்கும். புட்டியைத் திருப்பிப் பாருங்கள்.

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தின் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் போதும். ரத்த அழுத்தத்துக்கு எடுக்கும், பெயர் ‘பிரில்' என்றோ ‘சார்ட்டன்' என்றோ முடியும் மாத்திரைகள் (எனலாபிரில், டெல்மிசார்ட்டன்) பொட்டாசியத்தை ஏற்றும்.

மருத்துவச் சீட்டு இல்லாமல் கடையில் ஸ்பைரோ கேட்டால் சில சமயம் கலவை மாத்திரையை நீட்டுவார்கள். அட்டையில் ஸ்பைரோனோலாக்டோனுடன் ஃப்யூரோசெமைடு அல்லது டோர்செமைடு என்று இருந்தால் வாங்காதீர்கள். அவை மிக வலுவான நீர் மாத்திரைகள். ஆண் ஹார்மோனுக்கும் அவற்றுக்கும் தொடர்பே இல்லை.

எஸ்ட்ராடியால் கிடைக்காமல் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதிலுள்ள எத்தினைல் எஸ்ட்ராடியால் காலில் ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டுவதால், இந்தச் சிகிச்சைக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை. நீர் வற்றி, பஸ்ஸில் எட்டு மணி நேரம் கால் மடக்கி உட்கார்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். சில கருத்தடை மாத்திரைகளில் ட்ரோஸ்பைரினோன் வேறு இருக்கிறது. அது ஸ்பைரோவின் உறவுக்கார மருந்து: 3 மி.கி. ட்ரோஸ்பைரினோன், 25 மி.கி. ஸ்பைரோ அளவுக்குப் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கான சில ஹார்மோன் மாத்திரைகளிலும் இது உண்டு. அவர்களும் இளநீர், உப்பு, வலி மாத்திரை பற்றி மேலே சொன்னதைத் தங்களுக்கும் சொன்னதாக எடுத்துக்கொள்ளலாம்.

எஸ்ட்ராடியால் தொடங்கிய சில வாரங்களில் கணுக்கால் லேசாக வீங்கலாம். "தண்ணி சேருது" என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். ஊறுகாய், அப்பளம், சிப்ஸைக் குறைத்தாலே வடியும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சூடாகி வலித்தால் அது ரத்த உறைவாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

டெஸ்டோஸ்டிரோன் எடுக்கும் திருநம்பிகளுக்குப் பிரச்சினை வேறு. அந்த ஹார்மோன் சிவப்பணுக்களைப் பெருக்கி ரத்தத்தைக் கெட்டியாக்கும். ஹிமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தளவைக் குறைப்பார்கள். நீர் வற்றிய நிலையில் ரத்தம் கொடுத்தால் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். பரிசோதனைக்கு முதல் நாளும் அன்று காலையும் வழக்கம்போலத் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். வெறும் வயிறு என்றாலும் வெறும் தண்ணீர் பெரும்பாலான பரிசோதனைகளுக்குத் தடையில்லை.

கழிப்பறை

பலர் தண்ணீர் குடிக்காததற்கு உண்மையான காரணம் மறதி இல்லை. வெளியே போனால் எந்தக் கழிப்பறைக்குள் நுழைவது, யார் என்ன சொல்வார்கள் என்ற அச்சம். 2014-இல் உச்ச நீதிமன்றம் திருநர் உரிமைகள் பற்றிய நால்சா வழக்கில் தனிக் கழிப்பறை வசதி செய்யச் சொல்லி அரசுகளுக்கு உத்தரவிட்டது. பஸ் நிலையத்தில் நிற்பவருக்கு இன்றும் அது எட்டவில்லை. இந்த அநீதிக்கு உடம்பை விலையாகக் கொடுக்காதீர்கள். கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே அரை லிட்டர் குடித்து, புறப்படும்போது கழித்துவிடலாம். வழியில் சிறிது சிறிதாகக் குடிக்கலாம். நீண்ட பயண நாளில் காலை மாத்திரையைப் போய்ச் சேர்ந்த பிறகு போடலாமா என்று டாக்டரைக் கேட்கலாம். சிறுநீரை அடக்குவது தொற்றில் முடியும். தொற்று மறுபடி அந்தக் கோட்ரைமாக்சசோல் சிக்கலில் கொண்டுவந்து விடும்.

ரத்தப் பரிசோதனை

பொட்டாசியம் ஏறுவது பெரும்பாலும் வெளியே தெரியாது. தெரியும்போது கால் தொய்வது, நெஞ்சு படபடப்பது, நாடி மெதுவாவது என்று வரும். அதற்குள் அளவு உயர்ந்திருக்கும். அதனால் சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் மூன்றையும் சிகிச்சைக்கு முன் ஒருமுறையும், முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும். பொட்டாசியத்தின் இயல்பு லிட்டருக்கு 3.5 முதல் 5.0 மில்லிமோல் வரை. 5.5-ஐத் தாண்டினால் மாத்திரையைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். 6-ஐத் தாண்டினால் உடனே ஈசிஜி எடுக்க வேண்டும். ரத்தம் எடுக்கும்போது விரல்களை இறுக மூடித் திறந்துகொண்டே இருந்தாலோ, பட்டையை நெடுநேரம் கட்டியிருந்தாலோ பொய்யாகவும் ஏறிக் காட்டும். கையைத் தளர்த்தி வைத்துக்கொள்ளுங்கள்.

மயங்கி விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ, நெஞ்சு தாறுமாறாகத் துடித்தாலோ, எட்டு மணி நேரமாகச் சிறுநீரே வரவில்லை என்றாலோ 108-ஐ அழையுங்கள். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். எதற்காக எடுக்கிறீர்கள் என்று விளக்க மனம் வராவிட்டாலும், "ஸ்பைரோனோலாக்டோன், இத்தனை மில்லிகிராம், கடைசியாக இத்தனை மணிக்குப் போட்டேன், பொட்டாசியம் பாருங்கள்" என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.